பக்கத்து வீட்டம்மாவுக்கு விலை தெரியல, எனக்குத் தெரியும்: நான் சொல்லணுமா?

அமெரிக்காவுல மினசோட்டாவில இருக்கிற ஒரு வாசகர் நீளமா எழுதியிருக்கார். அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்திட்டு சுருக்கமா சொல்றேன். வயசு 46, ஐடி வேலை, மனைவி, ஒரு பொண்ணு. பக்கத்து வீட்டுல இருந்த பெரியவர் வாத்து வேட்டைக்குப் போறவர், இவருக்கு பறவைகளை அடையாளம் கண்டுபிடிக்க கத்துக்கொடுத்ததே அவர்தான். பெரியவர் வருஷாவருஷம் வாங்கின டக் ஸ்டாம்ப் பிரிண்டுகள், அதாவது வேட்டை அனுமதிக்கு அரசாங்கம் விக்கிற ஸ்டாம்ப்புல வர்ற ஓவியத்தையே பெருசா அச்சடிச்சு, ஓவியர் பென்சில்ல கையெழுத்து போட்டது, சுமார் 40 ஃபிரேம் வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கு. போன வருஷக் கடைசியில பெரியவர் தவறிட்டார். அவரோட மனைவி, 80 வயசு தாண்டினவங்க, "மொத்தத்தையும் 4,000 டாலருக்கு எடுத்துக்கோ, உனக்குத்தான் இதோட அருமை தெரியும்"னு சொல்றாங்க. அதுக்குள்ள ஃபிராங்க் பென்சன்ங்கற ஓவியரோட 1935ஆம் வருஷத்து எட்சிங், அதாவது தகட்டுல கோடு அரிச்சு எடுத்த அரிதான அச்சு, ஒண்ணு இருக்குன்னு இவர் கண்டுபிடிச்சுட்டார், அந்தம்மாவுக்கு அது தெரியாது. இது ஒரு பக்கம். ஆர்வம் தாங்காம ஆன்லைன்ல, முதல் டக் ஸ்டாம்ப்பை வரைஞ்ச ஜே டார்லிங்கோட 1934 "கையெழுத்துப் போட்ட ஒரிஜினல் எட்சிங்"னு சொன்ன ஒண்ணை 1,850 டாலருக்கு வாங்கி, வந்தப்புறம் சந்தேகமாகி, வித்தவர்கிட்ட கேட்டா "அஸ் ஈஸ் (இருக்கிற நிலையிலயே வித்தது), திருப்பி எடுக்க மாட்டேன்"னு பதில். பொண்ணோட காலேஜ் பணத்தை இதுல போடலாமாங்கறது மூணாவது. கடைசியா வீட்ல சண்டை: மனைவி சுத்த சைவம், "கொலைக்காசுல அடிச்ச படம் நம்ம ஹால்ல வேண்டாம்"ங்கறாங்க.

அன்புள்ள வாசகருக்கு, நீங்க கேட்ட வரிசையில போகாம, நாள் கணக்கு ஓடிட்டிருக்கிற விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நான் உயில், சொத்து, கலைப்பொருள் விவகாரம் பாக்கிற வக்கீல், ஆனா உங்க காகிதம் எதையும் பாக்கல, அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்க ஊர் வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காருங்க.

ஆன்லைன்ல வாங்கின அந்த டார்லிங் எட்சிங்

லென்ஸ் வச்சுப் பாத்தப்போ சின்னச் சின்னப் புள்ளியா தெரிஞ்சுது, அதனால போலின்னு முடிவு பண்ணிட்டேன்னு எழுதியிருக்கீங்க. முடிவு அநேகமா சரி, ஆனா காரணத்தை சரியா புரிஞ்சுக்கோங்க, இல்லன்னா பெரியவரோட நல்ல பிரிண்டுகளையும் போலின்னு ஒதுக்கிடுவீங்க. 1970க்கு அப்புறம் வந்த டக் ஸ்டாம்ப் பிரிண்டுகள்ல நிறைய ஆஃப்செட்ல, அதாவது ஓவியத்தைப் போட்டோ எடுத்து மெஷின்ல, அடிச்சதுதான், அதுல புள்ளி இருக்கும், இருக்கணும், அது அசல்தான். 1930கள்ல வந்த எட்சிங் வேற கதை. செப்புத் தகட்டுல கோடு அரிச்சு, மை தடவி, பிரஸ்ல அழுத்தி எடுக்கறது. அதுல புள்ளி வரவே வராது, கோடுதான், மை காகிதத்துக்கு மேல லேசா புடைச்சு நிக்கும், படத்தைச் சுத்தி தகட்டோட ஓரம் அழுந்தின தடம் விரல்லயே தட்டுப்படும். பென்சில் கையெழுத்தை சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா பளபளன்னு ஒரு மினுமினுப்பு இருக்கும். உங்க பிரிண்ட்ல கையெழுத்தே புள்ளியா தெரியுதுன்னா அது அச்சடிச்ச கையெழுத்து, அவ்வளவுதான்.

இப்போ உரிமை. "அஸ் ஈஸ்"னு போட்டுட்டா விக்கிறவர் எல்லாத்துல இருந்தும் தப்பிச்சிடலாம்னு நீங்க நினைக்கிறீங்க, அவரும் அப்படித்தான் நினைக்கிறார். அப்படி இல்ல. அமெரிக்காவுல கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் ஏத்துக்கிட்டிருக்கிற வணிகச் சட்டத்துல, பொருளைப் பத்தி விளம்பரத்துல கொடுத்த விவரிப்பே ஒரு உத்தரவாதம் ஆயிடும். "ஒரிஜினல் எட்சிங், ஓவியர் கையெழுத்து"ன்னு எழுதி வித்தா பொருள் அதுவா இருக்கணும், பொதுவான தரத்துக்கு நான் பொறுப்பில்லங்கறதுக்குத்தான் "அஸ் ஈஸ்" உதவும், சொன்ன பொருளையே மாத்திக் கொடுக்கிறதுக்கு உதவாது. வழக்கு போட பொதுவா பொருள் கைக்கு வந்ததுல இருந்து 4 வருஷம் இருக்கு. ஆனா நீங்க கோர்ட்டுக்கு போக வேண்டியிருக்காது, கிரெடிட் கார்டுல கட்டினதா எழுதியிருக்கீங்க, அந்தத் தொகை முதல்ல வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பின நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள உங்க எதிர்ப்பு கார்டு கம்பெனிக்குப் போய்ச் சேரணும், எழுத்துல. நீங்க வாங்கி 5 வாரம் ஆச்சு. விளம்பரப் பக்கத்தை அது மறையறதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, ஃபிரேமைப் பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, பழைய பிரிண்ட் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ரெண்டு வரி கருத்து எழுதி வாங்குங்க. வித்தவர் கலிஃபோர்னியாக்காரர், வியாபாரமா விக்கிறவர்னா உங்களுக்கு இன்னும் பலம், ஏன்னா அங்க ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேல போற பிரிண்டுகளுக்கு எப்படி அச்சடிச்சது, எத்தனை பிரதி, கையெழுத்து யாரோடதுன்னு சர்டிஃபிகேட் கொடுத்துத்தான் விக்கணும்னு தனிச் சட்டமே இருக்கு.

அந்தம்மாவும் பென்சன் எட்சிங்கும்

இதுதான் உங்க லெட்டர்ல உண்மையான கேள்வின்னு எனக்குப் படுது, நீங்க அதை நடுவுல ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. "சட்டப்படி நான் சொல்லியே ஆகணுமா?" வெளி ஆள் ரெண்டு பேர் பேரம் பேசும்போது வாங்கறவருக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லியாகணும்னு பொதுவா சட்டம் கேக்கறதில்ல, சரி. ஆனா நீங்க வெளி ஆள் இல்ல. அவங்க உங்களை நம்பித்தான் விலையே சொல்றாங்க, "உனக்குத்தான் தெரியும்"னு வாயைத் திறந்து சொல்லியிருக்காங்க, புருஷன் போய் கொஞ்ச மாசம்தான் ஆகுது. இந்த மாதிரி நம்பிக்கை உறவுல ஒருத்தர் தெரிஞ்சே மௌனமா இருந்து வாங்கினா, நாளைக்கு அவங்க பிள்ளைங்க அந்த வித்தலையே ரத்து பண்ணச் சொல்லி கேஸ் போடலாம், கோர்ட்டும் காது கொடுத்துக் கேக்கும். மினசோட்டாவில தன்னைப் பாத்துக்க முடியாத நிலையில இருக்கிற பெரியவங்களை பண விஷயத்துல ஏமாத்தறது குற்றமாவே இருக்கு. வயசு ஒண்ணை மட்டும் வச்சு அவங்க அந்த வகைன்னு சொல்லிட முடியாது, ஆனா அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல போய் நிக்கிற ஆசையே உங்களுக்கு வேண்டாம்.

சட்டத்தை விட்டுட்டும் சொல்றேன். பென்சன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். மாசசூசெட்ஸ்ல பெரிய ஓவியர், நீர்ப்பறவை எட்சிங்குக்கே பேர் போனவர், 1935 ஸ்டாம்ப்புக்கு கேன்வாஸ்பேக் வாத்துகளை வரைஞ்சவர். அந்த எட்சிங் சுமார் 100தான் எடுத்தாங்க, முழு வரிசையும் சேர்க்கணும்னு நினைக்கிற ஒவ்வொருத்தரும் வந்து முட்டி நிக்கிற இடம் அது. உங்ககிட்ட பறவைகளைப் பத்தி அத்தனை நாள் பேசின மனுஷனோட வீட்டுல இருந்து அதை அவர் மனைவிக்குத் தெரியாம கொண்டுவந்து உங்க ஹால்ல மாட்டினா அதை நிம்மதியா பாக்க முடியுமான்னு நீங்களே கேட்டிருக்கீங்க. முடியாது. சொல்லிடுங்க.

எப்படிச் சொல்றதுங்கறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல அந்தம்மாவுக்கு விக்கிற அதிகாரம் இருக்கான்னு பாக்கணும். உயில் இருக்கா, கோர்ட் நியமிச்ச நிர்வாகி யாராவது இருக்காங்களா, இல்ல எல்லாம் ரெண்டு பேர் பேர்லயும் இருந்ததா? மினசோட்டாவில கோர்ட் வழியா கைமாற வேண்டிய சொத்து 75,000 டாலருக்கு உள்ள இருந்து, இறந்து 30 நாள் ஆகி, நிர்வாகி நியமனமும் கேக்காம இருந்தா, வாரிசுகள் ஒரு அஃபிடவிட்லயே பொருளை எடுத்துக்கலாம். எதுவா இருந்தாலும் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சு நடக்கட்டும், ஒரு ஈமெயில்ல எல்லாரையும் சேர்த்துடுங்க. அடுத்தது, மதிப்பு போட தனியா ஒருத்தர். அவர் தானே வாங்கறவரா இருக்கக் கூடாது, மதிப்புல இத்தனை சதவீதம்னு ஃபீஸ் கேக்கறவரா இருக்கக் கூடாது. செலவை நீங்களே ஏத்துக்கறேன்னு சொல்லலாம், ஆனா ரிப்போர்ட் அந்தம்மா பேருக்குப் போகணும். அதுக்கப்புறம் பென்சனை மட்டும் தனியா ஏலத்துக்கு அனுப்பிட்டு மீதியை உங்களுக்குத் தர்றாங்களா, இல்ல மொத்தத்துக்கும் ஒரு நியாயமான விலை பேசறீங்களா, அது அவங்க முடிவு. வரி பத்தி அவங்க பயந்தா ஒண்ணு சொல்லுங்க: கணவர்கிட்ட இருந்து வாரிசா வந்த பங்குக்கு அடக்கவிலை அவர் இறந்த அன்னைக்கு இருந்த சந்தை மதிப்புதான், அதனால சீக்கிரமா வித்தா அந்தப் பங்குல லாபம்னு பெருசா ஒண்ணும் நிக்காது.

பென்சன் எட்சிங் கையை விட்டுப் போயிடும்னு உங்களுக்கு வலிக்கும். ஆனா முதல் ஆளா கேக்கிற உரிமையை எழுதி வாங்கிக்கலாம், அதாவது வேற யாராவது ஒரு விலை சொன்னா அதே விலைக்கு உங்ககிட்ட முதல்ல கேக்கணும்னு. மனசாரப் பழகின குடும்பம் இதுக்கு மறுக்க வாய்ப்பு குறைவு.

35,000 டாலர் இன்சூரன்ஸ் காகிதம், சின்ன நம்பர், கையெழுத்து

பெரியவர் 1986ல எடுத்த இன்சூரன்ஸ் மதிப்பு 35,000 டாலர்னு இருக்கு, அதனால மிச்சமே ஒரு புதையல்னு கணக்குப் போட்டிருக்கீங்க. இங்கதான் உங்களை நான் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தணும். இன்சூரன்ஸ் மதிப்புங்கறது தொலைஞ்சா கடையில புதுசா வாங்க ஆகிற செலவு, வித்தா கையில வர்ற காசு இல்ல. அதோட 1986ங்கறது இந்தச் சந்தை கொதிச்சுக்கிட்டு இருந்த நேரம். ஏன் கொதிச்சுதுன்னா, டக் ஸ்டாம்ப் போட்டியில ஜெயிக்கிற ஓவியருக்கு அரசாங்கம் காசு பரிசா ஒரு டாலர் கூட கொடுக்கறதில்ல, உள்துறை செயலர் கையெழுத்துப் போட்ட ஒரு ஸ்டாம்ப் தாள்தான் கிடைக்கும். அவருக்கு வருமானம் முழுக்க பிரிண்ட் வித்துத்தான். 1970ல எட்வர்ட் பையர்லியோட ராஸ் வாத்துதான் முதல் முழு வண்ண ஸ்டாம்ப், அங்க இருந்து ஆசைப்படறவங்க கூடிக்கிட்டே போனாங்க, ஆயிரம் ரெண்டாயிரம்னு இருந்த பிரதி எண்ணிக்கை 80கள்ல பதினாயிரத்தைத் தாண்டி, சில வருஷம் இருபதாயிரத்துக்கும் மேல போச்சு. ஓவியர் உக்காந்து இருபதாயிரம் தடவை கையெழுத்து போட்டிருக்கார், நினைச்சுப் பாருங்க. அது எல்லாமே நிஜக் கையெழுத்து, ஆனா அரிது கிடையாது. வாங்கினவங்க எல்லாரும் பத்திரமா வேற வச்சிருந்தாங்க, இப்போ அந்தத் தலைமுறை வீட்டைக் காலி பண்ற நேரம், ஒரே சமயத்துல எல்லாம் வெளிய வருது. அதனால 80கள்ல வந்த பிரிண்ட் நிறைய இன்னைக்கு அப்போ வித்த விலைக்கே போறதில்ல, சில சமயம் ஃபிரேம் செஞ்ச கூலி கூட வராது. உங்க லிஸ்ட்ல இருக்கிற 40ல பாதிக்கு மேல அந்தக் காலம்தான்.

பிரிண்ட்ல எழுதியிருக்கிற நம்பர் 12/1000, அதாவது ஆயிரம் பிரதியில 12ஆவதுன்னு இருந்தா, 950/1000ஐ விட ஒசத்தின்னு எழுதியிருக்கீங்க. ஆஃப்செட்ல முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் இல்ல. ஊசியால நேரா தகட்டைக் கீறி எடுக்கிற ட்ரைபாயின்ட்ல மட்டும் முதல்ல எடுத்ததுல கோடு வெல்வெட் மாதிரி மெத்துன்னு இருக்கும், அழுத்த அழுத்த தேஞ்சிடும், ஆனா அங்கயும் நம்பர் எடுத்த வரிசையிலதான் போட்டாங்கன்னு சொல்ல முடியாது. சேகரிக்கிறவங்க நிஜமா தேடறது வேற: எல்லா வருஷத்துலயும் ஒரே நம்பர் வர்ற மாதிரி சேர்த்த தொகுப்பு, இல்லன்னா ரிமார்க், அதாவது ஓரத்துல ஓவியரே கையால வரைஞ்ச குட்டிப் படம் இருக்கிற பிரதி. பெரியவர் ஒரே நம்பரா விடாம பிடிச்சு வாங்கியிருக்காரான்னு பாருங்க, அப்படி இருந்தா தனித்தனியா பிரிக்காதீங்க. எந்தப் பதிப்புன்னும் பாருங்க, மேனார்ட் ரீஸோட 1959 கிங் பக், லாப்ரடார் நாய் வாயில வாத்தோட நிக்கிற அந்தப் பிரபலமான படம், ஒரு தடவைக்கு மேல அச்சாகியிருக்கு, முதல் பதிப்புக்கும் அப்புறம் வந்ததுக்கும் விலையில தூரம் அதிகம்.

அதே மாதிரி "கையெழுத்து போட்ட ஸ்டாம்ப்பும் ஒரு டப்பா நிறைய இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டிருக்கீங்க. அது ஓவியர் கையெழுத்து இல்லைங்க, பெரியவரோடது. வேட்டைக்குப் போறவர் ஸ்டாம்ப்பு மேல மையில கையெழுத்து போட்டாத்தான் அது செல்லும்னு விதி. சந்தையில அது விலையைக் குறைக்கும். ஆனா அவர் ஒவ்வொரு வருஷமும் கையெழுத்து போட்டு வச்ச ஸ்டாம்ப்பை அந்தம்மா உங்களுக்கே கொடுத்தா, வாங்கி வச்சுக்கோங்க.

பேஸ்மென்ட்ல இருந்ததுங்கறதால விலை பேசறதுக்கு முன்னாடி ஃபிரேமுக்குள்ள என்ன நிலைமைன்னு பாக்கணும். ஈரத்துல பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும், மலிவான அட்டையில ஃபிரேம் செஞ்சிருந்தா ஓரம் எரிஞ்ச மாதிரி பழுப்பாயிருக்கும், அட்டையில பசை போட்டு ஒட்டியிருந்தா, இல்ல ஃபிரேமுக்குள்ள அடங்கணும்னு ஓரத்தை வெட்டியிருந்தா, சேகரிக்கிறவங்க கையை எடுத்துடுவாங்க.

காலேஜ் பணத்துக்கு என் பதில் வேண்டாம்ங்கறதுதான். விக்கணும்னு நினைக்கிற மாசத்துல வாங்க ஆள் இருக்கணும், ஏலக் கமிஷன் போகணும், ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தாலும் லாபத்துக்கு மத்திய வரி சேகரிப்புப் பொருள்னு 28 சதவீதம் வரைக்கும் போகலாம், ஷேருக்கு இருக்கிற சலுகை விகிதம் இதுக்குக் கிடையாது. பிடிச்சுதுன்னா கைச்செலவுக் காசுல வாங்குங்க, வாங்கினா வீட்டு இன்சூரன்ஸ்ல தனியா பட்டியல் போட்டுச் சேருங்க.

இறகு வச்ச ஃபிரேமைத் தொடாதீங்க

லெட்டர் கடைசியில போற போக்குல சொல்லியிருக்கீங்க, ஒரு ஃபிரேம்ல பிரிண்டுக்குக் கீழ நிஜ இறகு வச்சிருக்கு, அலமாரி மேல பாடம் பண்ணின ரெண்டு வாத்து இருக்கு, அதையும் சேர்த்துத்தான் அந்த 4,000னு. படிச்சதும் எனக்கு பகீர்னு இருந்துச்சு. 1918ல வந்த வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி வலசைப் பறவை, அதோட இறகு, முட்டை, கூடு எதையும் அனுமதி இல்லாம வாங்கவோ விக்கவோ கூடாது. பெரியவர் முறையா லைசென்ஸ் வாங்கி சுட்ட வாத்தை அவர் வச்சிருந்தது தப்பில்ல, அதை நீங்க காசு கொடுத்து வாங்கறதுதான் பிரச்சனை. அந்த இறகு கழுகோடதா இருந்துட்டா இன்னும் மோசம், அதுக்கு 1940லயே தனிச் சட்டம், வச்சிருக்கறதே குற்றம். பேசற விலையில இருந்து இது மூணையும் எழுத்துல நீக்குங்க. என்ன பண்ணலாம்னு மத்திய அரசோட வனஉயிர்த் துறையான ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ்ல அந்தம்மாவோ பிள்ளைங்களோ கேக்கட்டும், பதில் வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும். மர டிகாய் பொம்மை வாத்துங்க இருந்தா அதுல இந்தத் தொல்லை இல்ல, தாராளமா வாங்கலாம்.

வீட்ல சொன்னது

உங்க மனைவி மனசை வாதாடி ஜெயிக்கணும்னு பாக்காதீங்க. ஆனா "கொலைக்காசு"ன்னு அவங்க நினைக்கிறதுல பாதி விவரம் விட்டுப்போயிருக்கு, அதை மட்டும் சொல்லுங்க. 1930கள்ல வறட்சியில சதுப்பு நிலமெல்லாம் காஞ்சு, விவசாயத்துக்கும் வடிச்சு, வாத்து எண்ணிக்கை சரிஞ்சுபோன நேரத்துல, 1934 மார்ச்ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்டு வந்ததுதான் இந்த டக் ஸ்டாம்ப் சட்டம். அந்த டார்லிங், நீங்க ஏமாந்த எட்சிங்கோட நிஜ ஓவியர், டெ மாயின்ஸ் ஊர் கார்ட்டூனிஸ்ட், அப்போ அரசாங்கத்துல வனஉயிர்த் துறைக்கே தலைவரா இருந்தவர், முதல் ஸ்டாம்ப்பை அவரே வரைஞ்சார். விலை 1 டாலர், முதல் வருஷமே 6 லட்சத்து 35 ஆயிரம் வித்துச்சு. இன்னைக்கு 25 டாலர். அந்த ஒவ்வொரு டாலர்லயும் 98 சென்ட் பறவைகளுக்கான சதுப்பு நிலத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகுது, இதுவரைக்கும் 60 லட்சம் ஏக்கர் கிட்ட காப்பாத்தியிருக்காங்க. வாத்து சுடறவங்க கட்டாயம் வாங்கணும்ங்கறது நிஜம், அதை மறைக்க வேண்டாம். ஆனா துப்பாக்கியே தொடாம பறவை பாக்கறவங்களும் ஸ்டாம்ப் வாங்கறாங்க, கட்டணம் வாங்கற தேசிய சரணாலயங்களுக்கு அதுவே நுழைவுச்சீட்டு. நாரை, கொக்கு, சின்னச் சின்னப் பாட்டுப் பறவைங்க எல்லாம் அதே தண்ணியிலதான் நிக்குது. இவ்வளவும் கேட்டப்புறமும் அவங்களுக்கு ஹால்ல வேண்டாம்னா உங்க ஆபீஸ் ரூம்ல மாட்டுங்க. நாய் வாயில வாத்தோட இருக்கிற கிங் பக்கை எப்படியும் ஹால்ல மாட்டாதீங்க.

தமிழ்ச் சங்க காலண்டர்ல இந்தப் படங்களைப் போடலாமா, அரசாங்க ஸ்டாம்ப்தானேன்னும் கேட்டிருந்தீங்க. பிரிண்டை வாங்கினா அந்தக் காகிதம்தான் உங்களோடது, விக்கலாம், கொடுக்கலாம், மாட்டலாம், ஆனா நகல் எடுக்கிற உரிமை அதோட சேர்ந்து வராது. ஸ்டாம்ப் படத்தை வியாபாரமா பயன்படுத்தவும் அரசாங்கத்துகிட்ட லைசென்ஸ் வாங்கணும். உங்க மாநிலத்துலயே ஜிம், ஜோ, பாப்னு ஹாட்மன் சகோதரர்கள் மூணு பேரும் சேர்ந்து பத்து தடவைக்கு மேல இந்தப் போட்டியில ஜெயிச்சிருக்காங்க, அவங்க ஓவியம்தான் வேணும்னா அவங்களுக்கே எழுதிக் கேளுங்க, எத்தனை காலண்டர், இலவசமா விலைக்கான்னு தெளிவா சொல்லி. பதில் எழுத்துல வந்தப்புறம் அச்சுக்குக் கொடுங்க.